தடையா, சிகிச்சையா? விளையாட்டு வீரர்களின் மனநலமும் போதைப் பழக்கமும்

நடுவரிசை:

தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ரபாடா கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2025 ஏப்ரலில் ஐபிஎல் நடந்துகொண்டிருந்தபோதே சொந்தக் காரணம் என்று சொல்லி நாடு திரும்பினார். மே மாதம் அவரே வாயைத் திறந்தார்: பரிசோதனையில் போதைப்பொருள் தெரியவந்து தற்காலிகத் தடையில் இருக்கிறேன் என்று. மாதிரி எடுத்தது ஜனவரியில், தென்னாப்பிரிக்காவின் எஸ்ஏ20 கிரிக்கெட் தொடரின்போது. சிகிச்சைத் திட்டத்துக்குப் போனதால் தடை ஒரு மாதத்தோடு முடிந்தது. ஜூனில் லார்ட்ஸில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி, 9 விக்கெட், கோப்பை தென்னாப்பிரிக்காவுக்கு.

கொஞ்சம் பின்னால் போங்கள். டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா ஹிங்கிஸின் மாதிரியில் கோகைன் சுவடு இருந்தது என்று 2008 ஜனவரியில் இரண்டு வருடத் தடை போட்டார்கள். நான் தொட்டதே இல்லை என்று அவர் மறுத்தது எடுபடவில்லை.

அன்று இரண்டு வருடம், இன்று ஒரு மாதம். நடுவில் வந்தது உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின், அதாவது வாடாவின், 2021 விதித்தொகுப்பு. கோகைன், ஹெராயின், எக்ஸ்டசி எனப்படும் எம்டிஎம்ஏ, கஞ்சாவில் உள்ள டிஎச்சி ஆகிய நான்கையும் தனியாகப் பிரித்து வைத்தார்கள். போட்டி இல்லாத நேரத்தில் எடுத்தது, ஆட்டத்திறனுக்குச் சம்பந்தமில்லாதது என்று வீரர் நிரூபித்துவிட்டால் மூன்று மாதம். சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்து முடித்தால் ஒரு மாதம்.

என் கேள்வி இதுதான். இது கருணையா, கண்துடைப்பா? ஒரு மாதத்தில் யாருக்கு என்ன குணமாகும்?

வெட்டிப்பேச்சு:

கண்துடைப்பேதான். கோடிக்கணக்கில் வாங்குகிறார்கள், விதி என்னவென்று முதல் நாளே சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள், அப்புறம் மாட்டிக்கொண்டதும் "மனசு சரியில்லை". மாட்டாமல் இருந்தபோது மனசு நன்றாகத்தானே இருந்தது?

டென்னிஸ் வீரர் ஆகாசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் மெத் என்ற போதைப்பொருளை எடுத்தார், பரிசோதனையில் சிக்கினார். உதவியாளரின் பானத்தைத் தெரியாமல் குடித்துவிட்டேன் என்று கடிதம் எழுதினார், டென்னிஸ் சங்கம் தலையாட்டியது. 2009-இல் சுயசரிதையில்தான் அது பொய் என்று வெளியே வந்தது. ஒரு நாள் தடைகூட இல்லை. சுத்தமாக ஆடித் தோற்றவனுக்கு யார் பதில் சொல்வது?

ஓடுதளம்:

வெட்டிப்பேச்சு அண்ணே, மெத் அடித்த வருடம் ஆகாசியின் தரவரிசை நூறுக்கும் கீழே போனது. அதனால் யாரையும் அவர் ஏமாற்றி ஜெயிக்கவில்லை, தன்னையே அழித்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னது தப்பு, அதில் சண்டை இல்லை.

நான் இளம் ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். என் பிள்ளைகள் அதிகம் பேசியது ஷாகாரி ரிச்சர்ட்சன் பற்றித்தான். 2021 ஜூனில் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் 100 மீட்டரை 10.86 விநாடியில் ஓடி ஜெயித்தார். தன்னைப் பெற்ற தாய் இறந்துவிட்ட செய்தியை, தேர்வுப் போட்டி சமயத்தில், பேட்டி எடுக்க வந்த ஒரு நிருபர் வாயிலிருந்து தெரிந்துகொண்டார். அதைத் தாங்க முடியாமல் கஞ்சா எடுத்ததாக அவரே சொன்னார். போட்டி நடந்த ஓரிகன் மாநிலத்தில் பெரியவர்களுக்கு அது சட்டப்படி குற்றமும் இல்லை.

ஒரு மாதத் தடைதான். ஆனால் தேர்வுப் போட்டியின் வெற்றியும் ரத்தாகிவிட்டதால் டோக்கியோவில் 100 மீட்டர் போயே போச்சு. தடை முடிந்த பிறகு நடந்த தொடர் ஓட்டத்துக்கும் எடுக்கவில்லை. 2023-இல் புடாபெஸ்ட்டில் 10.65 விநாடியில் உலக சாம்பியன் ஆனார், அது வேறு கதை. எனக்கு உறுத்துவது என்னவென்றால், அந்த மைதானத்தில் அவரைச் சுற்றி இயன்முறை மருத்துவர், மசாஜ் செய்கிறவர், காலணிக் கம்பெனி ஆள் என்று எல்லாரும் இருந்திருப்பார்கள். அந்த ராத்திரி யாரிடம் போய் அழுதிருப்பார்?

வெட்டிப்பேச்சு:

அம்மா போன துக்கம் எல்லாருக்கும் வரும் தம்பி. எல்லாரும் கஞ்சா பிடிப்பதில்லை.

கயல்விழி_ம:

எல்லாரும் பிடிப்பதில்லைதான். ஆனால் எல்லாருக்கும் ஒரு வாரம் கழித்து உலகமே பார்க்கிற பந்தயம் இருப்பதும் இல்லை.

நான் விளையாட்டு வீரர்களுக்கு மனநல ஆலோசனை கொடுக்கும் வேலையில் இருந்தவள். இடம், ஆள் எதுவும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். வீரர்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் தங்கள் பிரச்சினையைச் சொல்வதில்லை. "நீங்கள் எழுதுவதை யார் படிப்பார்கள்?" என்றுதான் கேட்பார்கள். பயிற்சியாளர் படிப்பாரா, தேர்வுக்குழு படிக்குமா, ஒப்பந்தம் போடுகிறவர் படிப்பாரா. அதற்கு நேர்மையான பதில் என்னிடம் இருந்த இடங்களில் பேசினார்கள். இல்லாத இடங்களில் "தூக்கம்தான் கொஞ்சம் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அணி மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பது அணி. வீரர் சனிக்கிழமை ஆட வேண்டும் என்பது அவருடைய வேலையின் ஒரு பாகம். அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் முழங்கால் வலி என்றால் அவரிடம் போகிற வீரர், "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று சொல்ல அங்கே போக மாட்டார். அந்த இடைவெளியில்தான் மது, மாத்திரை, பொடி எல்லாம் வந்து உட்காருகின்றன.

ராபர்ட் என்கே ஞாபகம் இருக்கிறதா? ஜெர்மனியின் கோல்கீப்பர், 2010 உலகக் கோப்பைக்குப் போயிருக்க வேண்டியவர். பல வருட மனச்சோர்வு. 2006-இல் சின்ன மகளை இதய நோய்க்குப் பறிகொடுத்தார். நோய் வெளியே தெரிந்தால் தத்தெடுத்த குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ, அணியில் இடம் போய்விடுமோ என்று பயந்து மறைத்தார். 2009 நவம்பரில் உயிரை மாய்த்துக்கொண்டார். மறுநாள் மனைவி பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னபோதுதான் அவருடன் ஆடிய பலருக்கே தெரிந்தது. அவர் போதைப்பொருள் எதுவும் எடுத்தவர் இல்லை. எந்தப் பரிசோதனையிலும் சிக்கியிருக்க மாட்டார். சிறுநீர்ப் புட்டியை மட்டுமே பார்க்கிற அமைப்புக்கு அவர் கண்ணில் படவே வழியில்லை.

பெடல்காரன்:

இழைக்குத் தாமதமாக வருகிறேன். சைக்கிள் பந்தயம் பார்க்கிறவனாக இரண்டு விஷயம்.

மார்கோ பந்தானி. 1998-இல் இத்தாலியின் ஜிரோ, பிரான்சின் டூர் இரண்டையும் ஒரே வருடத்தில் வென்றவர். மறு வருடம் ஜிரோவில் முன்னிலையில் இருந்தபோது, முடிய இரண்டு நாள் இருக்கையில், காலை ரத்தப் பரிசோதனையில் ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 50 விழுக்காடு வரம்பைத் தாண்டியது என்று வெளியேற்றினார்கள். அந்தக் காலத்து சைக்கிள் பந்தயம் எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும், அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. ஆனால் அந்தக் காலைக்குப் பிறகு அவர் பழைய ஆளாக ஆகவே இல்லை. கோகைன், தனிமை, மனச்சோர்வு. 2004 பிப்ரவரி 14 அன்று ரிமினியில் ஒரு விடுதி அறையில் இறந்துகிடந்தார், வயது 34. அளவுக்கு மீறிய கோகைன். பிடித்தவர்கள் விதிப்படிதான் பிடித்தார்கள். பிடித்ததற்கு அடுத்த நாள் அந்த ஆளை என்ன செய்வது என்று விதியில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது டிரமடால். வலிநிவாரணி, ஓபியாய்டு என்ற அபின் வகைக் குடும்பம், பழக்கமாகிவிடும். சைக்கிள் சங்கமான யுசிஐ 2019-இல் தடை செய்தது. சைக்கிள் வீரர் குயின்டானாவுக்கு 2022 டூரில் கிடைத்த ஆறாம் இடம் இதனால் பறிபோனது. ஆனால் வாடா போட்டிக்காலத் தடைப்பட்டியலில் அது சேர்ந்தது 2024 ஜனவரி 1 அன்றுதான். அதுவரை மற்ற விளையாட்டுகளில் வேண்டிய அளவு விழுங்கலாம். இங்கிலாந்துக்காக ஆடிய கோல்கீப்பர் கிறிஸ் கிர்க்லாண்ட் முதுகுவலிக்காக ஆரம்பித்து டிரமடாலுக்கு அடிமையான கதையை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

கஞ்சா பிடித்தவர் குற்றவாளி, டிரமடால் போட்டவர் தைரியசாலி. நல்ல நியாயம்.

நடுவரிசை:

பெடல்காரன், கடைசி வரி அருமை. தூக்க மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய நீச்சல் வீரர் கிராண்ட் ஹாக்கெட், 1500 மீட்டரில் இரண்டு ஒலிம்பிக் தங்கம், ஸ்டில்நாக்ஸ் மாத்திரை இல்லாமல் தூங்க முடியாத நிலைக்குப் போனதாகச் சொன்னார். அதன் பிறகுதான் 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்னால் ஆஸ்திரேலிய ஒலிம்பிக் குழு தன் வீரர்களுக்கு அதைத் தடை செய்தது. அதற்கு முன்பும் அந்த மாத்திரை வாடா பட்டியலில் இல்லை, அதற்குப் பின்பும் இல்லை.

இங்கிலாந்து கால்பந்து வீரர் டெலி அலி 2023-இல் கொடுத்த பேட்டியும் அதே ரகம். தூக்க மாத்திரைக்கு அடிமை, சிறுவயதில் நடந்த பாலியல் கொடுமை, அமெரிக்காவில் ஆறு வாரம் மறுவாழ்வு மையம். கால்பந்தில் இது வெளியே தெரிவதைவிட அதிகம் என்றும் சொன்னார். இரவு ஆட்டம், ஒளிவெள்ளம், உடம்பு முழுக்க அட்ரினலின், மறுநாள் காலை விமானம். தூங்க ஒன்று, எழ ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கிறது.

வெட்டிப்பேச்சு:

சரி, வலி மாத்திரை, தூக்க மாத்திரை விஷயத்தில் உங்கள் கட்சிக்கே வருகிறேன். அதைக் கொடுக்கிறவர்களையும் பிடியுங்கள். ஆனால் அதற்காகக் கோகைனுக்கு ஏன் சலுகை? இரண்டையும் இறுக்குங்கள்.

கயல்விழி_ம:

கொடுக்கிறவர்களைப் பிடித்த கதையும் உண்டு. அமெரிக்க பேஸ்பால் வீரர் டைலர் ஸ்காக்ஸ், வயது 27, 2019 ஜூலை 1 அன்று அணியோடு பயணம் போன இடத்தில் விடுதி அறையில் இறந்தார். உடம்பில் ஃபென்டனில், ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டு மருந்துகள், கூடவே மது. மாத்திரை கொடுத்தவர் அதே அணியின் ஊழியர். அவருக்கு 2022-இல் 22 வருடச் சிறை.

அந்தச் சாவுக்குப் பிறகு பேஸ்பால் லீக் என்ன செய்தது என்பதுதான் உங்களுக்குப் பதில். அந்த டிசம்பரில் கொள்கையை மாற்றினார்கள். ஓபியாய்டுக்கும் கோகைனுக்கும் பரிசோதனை வந்தது, அதாவது நீங்கள் கேட்ட இறுக்கம். ஆனால் சிக்கினால் நேராகத் தடை இல்லை, சிகிச்சைக் குழுவிடம் அனுப்புவார்கள். அங்கே ஒத்துழைக்காதவருக்குத்தான் தண்டனை. கஞ்சாவை அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதாவது கண்காணிப்பைக் கூட்டி, தண்டனையைப் பின்னால் தள்ளினார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் முடியும் அண்ணே.

தண்டனை முதலில் நின்றால் என்ன ஆகும் தெரியுமா? வீரர் பழக்கத்தை விட மாட்டார், ஒளித்துவைப்பார். வாடா விதிப்படி கோகைன் போட்டிக்காலத்தில் மட்டும்தான் தடை. போட்டிக்காலம் என்பது போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11:59-க்குத் தொடங்குகிறது. இதை மனப்பாடமாக வைத்திருக்கிற வீரர்கள் உண்டு. எத்தனை நாளில் உடம்பை விட்டுப் போகும் என்று கணக்குப் போட்டு ஞாயிறு இரவு எடுப்பார்கள். கஞ்சா கொழுப்பில் தங்கி வாரக்கணக்கில் காட்டிக்கொடுக்கும், கோகைன் சில நாளில் போய்விடும். அதனால் பரிசோதனைக்குப் பயந்து கஞ்சாவை விட்டுக் கோகைனுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். இது என் அனுபவத்தில் கேட்டது, புள்ளிவிவரம் கேட்காதீர்கள்.

இடதுகை:

ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் ஏஎஃப்எல்லில் இந்த மருத்துவ வழியைத்தானே ரொம்ப வருடமாக வைத்திருக்கிறார்கள்? 2005-லிருந்து. முதல் தடவை சிக்கினால் பெயர் வெளியே வராது, மருத்துவர், ஆலோசகர் என்று போகும். 2024 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே ஒரு உறுப்பினர் எழுந்து, வீரர்களை ரகசியமாகப் பரிசோதித்து, போதைப்பொருள் இன்னும் உடம்பில் இருந்தால் காயம் என்று பொய்க் காரணம் சொல்லி ஆட்டத்திலிருந்து ஒதுக்கிவைக்கிறார்கள் என்று போட்டு உடைத்தார். உடம்பில் பொருள் இருக்கும் வீரரை மருத்துவர்கள் ஆடவிடாமல் நிறுத்திவைப்பது உண்டு என்று லீக்கே ஒத்துக்கொண்டது.

எனக்கு இதில் இரண்டு மனசு. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது சரி. ஆனால் பார்க்கிற நமக்குத் தொடைத்தசைப் பிடிப்பு என்று கதை விடுவது?

வெட்டிப்பேச்சு:

இதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிகிச்சை என்ற பெயரில் மூடிமறைப்பு.

ஓடுதளம்:

மூடிமறைப்பு, ரகசியம் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அணி நிர்வாகத்துக்கும் தெரிந்து, ரசிகனுக்கு மட்டும் மறைத்தால் அது மூடிமறைப்பு. மருத்துவருக்கு மட்டும் தெரிந்து, தேர்வுக்குழுவுக்குக்கூடத் தெரியாமல் இருந்தால் அது ரகசியம். ஏஎஃப்எல் விஷயத்தில் எது நடந்தது என்பதில்தான் சண்டையே. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் விடுப்பு எடுத்தால் என்ன நோய் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்வீர்களா?

இடதுகை:

என் அலுவலகத்தில் யார் வருவார், யார் வர மாட்டார் என்று யாரும் பந்தயம் கட்டுவதில்லை ஐயா.

நடுவரிசை:

ஹா, இது புள்ளி. சூதாட்டம் நுழைந்துவிட்டால் வீரரின் உடல்நலச் செய்திக்கே விலை வந்துவிடுகிறது. அதைத் தனி இழையில் பேசலாம்.

பெடல்காரன்:

மருத்துவ வழி என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு டெரெக் போகார்ட். ஐஸ் ஹாக்கியில் அடிதடிக்கென்றே வைத்திருந்த வீரர். கை விரல்கள், முதுகு, தலை எல்லாவற்றிலும் அடி. அவருக்குப் பல மருத்துவர்கள் தனித்தனியே வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதிக்கொடுத்தது பின்னால் செய்தியாக வந்தது. லீக்கின் போதை மீட்புத் திட்டத்திலும் அவர் இருந்தார். அந்தத் திட்டத்தில் இருந்தபடியே 2011 மே மாதம், 28 வயதில், ஆக்ஸிகோடோனும் மதுவும் சேர்ந்து இறந்தார். மூளையைப் பிரித்துப் பார்த்தால் அந்த வயதிலேயே சிடிஇ, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வருகிற சிதைவு நோய்.

அதாவது மனச்சோர்வு எங்கிருந்து வந்தது, போதை எங்கிருந்து வந்தது, மூளைக் காயம் எங்கே நுழைந்தது என்று பிரிக்கவே முடியாது. இதில் எதற்குத் தடை போடுவது?

கயல்விழி_ம:

பிரிக்க முடியாதுதான். ஊக்கமருந்தும் இந்தக் கணக்கில் உண்டு, நாம் அதை மறந்துவிட்டோம். ஸ்டீராய்டு ஊசி நிறுத்தியதும் உடம்பு தானாக டெஸ்டோஸ்டிரோன் சுரக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் வருகிற மனச்சோர்வு மோசமானது. தடை வாங்கிய வீரருக்கு அதே நேரத்தில் வேலையும் போய், நண்பர்களும் போய், பயிற்சி மைதானத்துக்குள் நுழையும் உரிமையும் போய்விடும்.

அமெரிக்க நீச்சல் வீரர் ஃபெல்ப்ஸ் விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது. 2014-இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டி இரண்டாம் முறை கைதானார். வாழவே விருப்பமில்லாமல் அறைக்குள் கிடந்ததாகப் பின்னால் சொல்லியிருக்கிறார். நீச்சல் சங்கம் ஆறு மாதத் தடை போட்டது, அவரும் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். 2016 ரியோவில் 5 தங்கம், 1 வெள்ளி. வெட்டிப்பேச்சு அண்ணனுக்குச் சொல்கிறேன், தடையே கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தடைக் காலத்தில் ஆள் எங்கே இருக்கிறார் என்பதுதான் என் கேள்வி. மேலே நடுவரிசை கேட்டாரே, ஒரு மாதத்தில் எது குணமாகும் என்று. எதுவும் குணமாகாது. யாரோ ஒருவரிடம் பேச ஆரம்பிக்கலாம், அவ்வளவுதான். ஒரு மாதம் முடிந்த பிறகும் அந்த ஆள் தொடர்ந்து வர வேண்டும் என்று விதியில் இருந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

வெட்டிப்பேச்சு:

பணக்காரருக்கு மறுவாழ்வு மையம் கிடைக்கும். இரண்டாம் டிவிஷன் ஆளுக்கு?

கயல்விழி_ம:

நீங்கள் கேட்டதிலேயே நல்ல கேள்வி இது. அங்கே பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் டிரோசன், கெவின் லவ் என்ற இரண்டு வீரர்கள் 2018-இல் வெளிப்படையாகப் பேசிய பிறகு, 2019-20 சீசனிலிருந்து ஒவ்வொரு அணியும் மனநல நிபுணர் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. அது பணக்கார லீக். ஒப்பந்தமே மாதாமாதம் என்று இருக்கிற இடத்தில் வீரர் சங்கம்தான் ஏதாவது செய்ய முடியும். அணிக்குச் சம்பந்தமில்லாத தொலைபேசி எண் ஒன்று இருந்தாலே பாதிப் பயம் போகும்.

சிறுமழை:

புதிதாகச் சேர்ந்தவள், மன்னிக்கவும், நடுவில் ஒரு சந்தேகம். என் மகள் ஜூனியர் அளவில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறாள். பதற்றத்துக்காக மருத்துவரிடம் காட்டியிருக்கிறோம், மாத்திரை எழுதியிருக்கிறார். இழையைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

ஓடுதளம்:

நிறுத்தாதீர்கள் அம்மா. மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர் என்ன என்று பாருங்கள். வணிகப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். துப்பாக்கி சுடுதலில் ப்ரொப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் கறாராகத் தடை. கை நடுக்கம் குறையும், இதயத் துடிப்பு குறையும் என்பதால் போட்டி இல்லாத நாளிலும் தடை. 2008 பெய்ஜிங்கில் வட கொரிய வீரர் கிம் ஜோங்-சு இரண்டு பதக்கத்தை ப்ரொப்ரனலாலால் இழந்தார்.

சிறுமழை:

பார்த்துவிட்டேன். எஸ்சிட்டலோபிராம் என்று இருக்கிறது.

கயல்விழி_ம:

அப்படியென்றால் பயம் வேண்டாம். அது எஸ்எஸ்ஆர்ஐ என்ற மனச்சோர்வு, பதற்ற மருந்து வகை, தடைப்பட்டியலில் இல்லை, மருத்துவக் காரணத்துக்கான விலக்கு விண்ணப்பமும் தேவையில்லை. உங்களாக நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு என்று வரும், அதனால் மருத்துவர் சொல்லும்வரை தொடருங்கள். முதல் சில வாரங்களில் மனநிலை ரொம்ப மாறினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு வந்தாலோ உடனே அவரிடம் போங்கள். இளவயதினருக்கு இதைக் கவனிக்கச் சொல்வது வழக்கம்.

அடுத்த தடவை போகும்போது மகள் துப்பாக்கி சுடும் வீராங்கனை என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வேறு மாத்திரைக்கு மாற்றினால் அவர் அதைப் பார்த்து எழுதுவார். ஏடிஎச்டி என்ற கவனக் குறைபாட்டுக்கான மெத்தில்ஃபெனிடேட் மாதிரி போட்டிக்காலத்தில் தடையுள்ள மருந்து வேண்டியிருந்தால் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அப்படி அனுமதி வாங்கித்தான் எடுத்தார், 2016-இல் ஹேக்கர்கள் அவருடைய மருத்துவக் கோப்பைத் திருடி வெளியிட்டபோதும் அவர்மேல் விதிமீறல் எதுவும் இல்லை.

ஓடுதளம்:

இன்னொன்று. மாத்திரையைவிடச் சளி, இருமல் மருந்தில்தான் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள். மூக்கடைப்புக்குச் சேர்க்கும் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் மாறும், போன வருடம் சரியாக இருந்ததை இந்த வருடமும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

சிறுமழை:

நன்றி. மகளிடமும் படித்துக் காட்டினேன். இருமல் மருந்து பாட்டிலை இப்போதே எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.